உள்ளே என்ன இருக்கிறது?

போன டிசம்பரில் என் பையின் ஜிப் போய்விட்டது. ஏழு வருடத்துப் பை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டரில் 35 வெள்ளிக்கு வாங்கிய பேட்மிண்டன் பை. மூன்று மட்டை வைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். நான் அதில் ஒரு மட்டைகூட வைத்ததில்லை. எனக்குப் பேட்மிண்டன் ஆடத் தெரியாது. நான் ஏர் பிஸ்டல் சுடுகிறவன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர் தூரத்தில் இலக்கு. நின்றபடி, ஒரே கையால், 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய சுண்டுவிரல் நகத்தின் அகலம். வெடிமருந்து கிடையாது, அழுத்தப்பட்ட காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம்ம ஊர் டியோ ஷுன் ஷியே இதில்தான் தங்கம் வாங்கினார். அப்போது நான் தொடக்கக் கல்லூரியில் இருந்தேன். அந்த இரவுச் செய்திதான் என்னை இந்தப் பக்கம் தள்ளியது. 2024இல் பாரிஸில் இடக்கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, ரொட்டி வாங்க வந்தவர் மாதிரி நின்று, கலப்பு இரட்டையரில் வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச்சின் படம் உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதே விளையாட்டு.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "துப்பாக்கிய வீட்லயா வச்சிருக்க?" இல்லை. துப்பாக்கியும் குண்டும் கிளப்பின் பூட்டிய அறையில்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டு எடுப்பேன், கையெழுத்துப் போட்டுத் திருப்பி வைப்பேன். நம் நாட்டில் இதெல்லாம் விளையாட்டுக் காரியம் இல்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே ஐந்திலிருந்து பத்தாண்டு சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி.

அப்படியென்றால் பையில் என்னதான் இருக்கிறது? தட்டையான அடிப்பாகம் உள்ள சப்பாத்து ஒரு ஜோடி. ஒற்றைக் கண்ணாடிச் சட்டம், அதில் குறிபார்க்காத கண்ணை மறைக்கும் சிறு தகடு. காது மூடி. சின்ன ஸ்க்ரூடிரைவர்கள், அறுபத்தெட்டுப் பக்கம் எழுதி முடித்த குறிப்பேடு, பழைய இலக்குத்தாள்கள். ஆரஞ்சு நைலான் கயிறு ஒன்று. அப்புறம் கைப்பிடி. வால்நட் மரத்தில் செய்தது, என் உள்ளங்கைக்கு ஏற்றபடி நானே அரம் வைத்து ராவி, பூச்சு வைத்து, மறுபடி ராவிக்கொண்டே இருப்பது. அது முடியவே முடியாத வேலை. அதனால் துப்பாக்கியிலிருந்து அதை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்து வருவேன். மரக்கட்டைதான். ஆனால் மேசையில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றும் சொல் மரக்கட்டை அல்ல.

ஜிப் போன பிறகும் ஒரு மாதம் அந்தப் பையையே வைத்திருந்தேன். சோம்பேறித்தனம். இரண்டு சேஃப்டி பின்னைக் குத்தி ஓட்டினேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்து வரும் வழியில் ஓர் உணவங்காடி நிலையத்தில் சாப்பிட உட்கார்ந்தேன். மதியக் கூட்டம். இடம் கிடைத்ததே பெரிசு. எல்லாரும் செய்வதை நானும் செய்தேன், பையை மேசையில் வைத்து இடத்தைச் சோப் பண்ணிவிட்டு வரிசையில் போய் நின்றேன். டிஷ்யூ பாக்கெட்டை வைத்தாலே இடம் நம்முடையதாகிவிடும் ஊரில் இவ்வளவு பெரிய பையை யார் தொடப்போகிறார்கள்?

மேசை துடைக்கும் அங்கிள் தொட்டார். எழுபதுக்கு மேல் இருக்கும். அடியில் சிந்தியிருந்த குழம்பைத் துடைக்கத்தான் பையைத் தூக்கினார். சேஃப்டி பின் விட்டுக்கொண்டது. கைப்பிடி மேசையில் விழுந்தது, அதோடு கயிறும், நடுவில் கறுப்பு வட்டமும் அதில் ஓட்டைகளும் உள்ள இரண்டு தாள்களும்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மேசையிலிருந்து விலக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் இல்லை" என்று காட்டுகிற மாதிரி. பக்கத்து மேசை அம்மா தன் பையனைத் தோளோடு இழுத்து அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓர் இளைஞன் போனை எடுத்துவிட்டான். நான் கோழிச்சோற்றுத் தட்டோடு ஓடினேன். மரம்தான், விளையாட்டு, கிளப் அட்டை இதோ பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் சொன்னேன். அந்த இளைஞன் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டான். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட இருக்காது.

ஆனால் அந்த அங்கிள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "சாரி, சாரி" என்று நாலைந்து தடவை. கை நடுங்கியது. பையைத் தொட்டது தன் தப்பு, இதைப் பெரிதாக்கி மேலாளரிடம் சொல்லிவிடாதே என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் திருப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டமாதிரி இல்லை. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். சோற்றை எடுத்துக்கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் புதுப் பை தேடத் தொடங்கினேன்.

இந்த விளையாட்டுக்கான பைகள் ஏறக்குறைய மூன்று ஜாதி. ஒன்று, ராணுவக் கோலம் போட்டவை. கறுப்பு அல்லது மண் நிற நைலான், உடம்பெல்லாம் பட்டைப் பட்டையாகத் தையல், மண்டை ஓட்டுச் சின்னம் ஒட்ட ஒரு வெல்க்ரோ சதுரம். எனக்கு இவற்றைப் பார்த்தாலே சிரிப்பு வரும். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தாளோடு சண்டை போட இவ்வளவு அலங்காரமா? இரண்டாவது, கடினப் பெட்டி. பிளாஸ்டிக் அல்லது அலுமினியம், உள்ளே நுரை, வெளியே பூட்டு மாட்டத் துளை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டுமென்றால் இது ஒன்றுதான் வழி. கட்டாயம் பூட்டியிருக்க வேண்டும், பதிவுசெய்யும் பயணப்பெட்டியாகத்தான் போக வேண்டும், முகப்பில் நின்று "இதில் துப்பாக்கி இருக்கிறது" என்று வாயால் சொல்ல வேண்டும். (சொன்னாலும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடாது. மனு பாக்கர், இந்தியாவில் தெரியாத முகம் இல்லை, 2021 பிப்ரவரியில் தாள்களெல்லாம் கையில் இருந்தும் டெல்லி விமான நிலையத்தில் தன்னை நிறுத்திவைத்துவிட்டார்கள் என்று ட்விட்டரில் பொங்கினார்.) கடினப் பெட்டியில் நம்ம ஊருக்கென்று ஒரு தொந்தரவும் உண்டு. உள்ளிருக்கும் மட்டமான நுரை ஸ்பாஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்கும், மரம் உப்பும். நீர் ஏறாத நுரையா என்று கேட்டு வாங்க வேண்டும், உள்ளே சிலிக்கா ஜெல் போட வேண்டும்.

மூன்றாவது ஜாதிதான் என்னை யோசிக்க வைத்தது. விளம்பரத்தில் அதன் பெருமையே, பார்த்தால் தெரியாது என்பதுதான். மடிக்கணினிப் பை மாதிரி, டென்னிஸ் பை மாதிரி, வயலின் பெட்டி மாதிரி. ஏழு வருடமாக நான் சுமந்ததும் இந்த ஜாதிதானே. தெரியாமல் சுமந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கோச்சிடம் கேட்டேன். அறுபது வயதுச் சீனர், முப்பது வருடமாகச் சுடுகிறார், ஆங்கிலத்தில்தான் பேசுவோம். மூன்றாவது ஜாதியை வாங்கு என்றார் யோசிக்காமல். "ரயிலில் இருக்கிறவங்க நிம்மதியா வீட்டுக்குப் போகணும். அவங்க நிம்மதியை வச்சு நீ உன் பொழுதுபோக்கைக் காட்டிக்கக் கூடாது." அங்காடிச் சம்பவத்தைச் சொன்னேன். "அது பையோட தப்பு இல்ல, ஜிப்போட தப்பு" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எம்ஆர்டியில் நாள் முழுக்க நான்கு மொழியில் அறிவிப்பு ஓடுகிறது, சந்தேகப்படும்படியான ஆளையோ பொருளையோ பார்த்தால் சொல்லுங்கள் என்று. 2017 ஏப்ரலில் ஹௌகாங் நிலையத்தில் ஒருவர் பையை வைத்துவிட்டு ஏதோ வேலையாகப் போய்விட்டார். நிலையத்தை மூடினார்கள், அரை மணி நேரம் போல ரயில்கள் நிற்காமல் போயின. உள்ளே இருந்தவை வீட்டுச் சாமான்கள். அவரைக் கைதுசெய்து குற்றம் சாட்டினார்கள். இப்படிப்பட்ட ஊரில் "இதோ பார், துப்பாக்கிச் சாமான்" என்று கத்தும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பது அடுத்தவன் நெஞ்சில் கல்லை வைப்பது. அதுவும் நான் கறுப்பு, தாடி வைத்திருக்கிறேன். பை சோதிக்கும் மேசைப் பக்கம் போகும்போது என்னை எத்தனை தடவை கூப்பிட்டார்கள், கூட வந்த நண்பனை எத்தனை தடவை என்று என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அது சரியான கணக்காக இல்லாமலும் இருக்கலாம். எழுதி வைத்ததில்லை. ஆனால் பேட்மிண்டன் பை என்னை எவ்வளவு சாதுவாகக் காட்டியது என்பது எனக்குத் தெரியும். அது மற்றவர்களின் நிம்மதிக்காக மட்டும் நான் வைத்திருந்த பை இல்லை.

பல்கலைக்கழகத்தில் கிரெடிட்டுக்காக ஒரு தத்துவப் பாடம் எடுத்தேன். தெர்மோடைனமிக்ஸுக்கு நடுவே நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அதில் கான்ட் மட்டும் மனசில் தங்கிவிட்டார். கொலைகாரன் வாசலில் வந்து, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதிய பிடிவாதக்காரர். ஆனால் அதே கான்ட், மாணவர்கள் எழுதிவைத்த அவருடைய அறவியல் வகுப்புக் குறிப்புகளில், ஒரு பெட்டியைப் பற்றிப் பேசுகிறார். நான் ஊருக்குப் போகிறேன் என்று மற்றவர்கள் நினைக்க வேண்டும், அதற்காகப் பெட்டி கட்டுகிறேன். அவர்கள் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். நான் பொய் சொன்னேனா? இல்லை என்கிறார் கான்ட். நான் எதையும் அறிவிக்கவில்லை. என் மனத்தில் இருப்பதை அறிவிக்கச் சொல்லிக் கேட்க அவர்களுக்கு உரிமையும் இல்லை. அவர்களாக முடிவுக்கு வந்தார்கள்.

முதலில் படித்தபோது வக்கீல் பேச்சு மாதிரி இருந்தது. இப்போது பையை முன்னால் வைத்துக்கொண்டு மறுபடி யோசித்தால் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. சாதாரணப் பை எதையும் அறிவிப்பதில்லை. ரயிலில் எதிரில் இருக்கும் ஆளின் பையில் என்ன மருந்து, என்ன கடிதம் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை, என்னுடையது அவருக்கும் வேண்டியதில்லை. எல்லாவற்றையும் வெளியே சொல்லித்தான் நேர்மையாக இருக்க முடியும் என்றால் கண்ணாடிப் பைதான் தைக்க வேண்டும்.

ஆனால் கான்ட்டின் பெட்டி அந்த ஒரு தருணத்தோடு நின்றுவிடுகிறது. யாரும் வந்து, "எந்த ஊருக்குக் கிளம்பிட்டீங்க?" என்று கேட்பதில்லை. என் பையை மூன்று வருடமாக ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எங்கள் புளோக்கில் ஒன்பதாம் மாடி மக்சிக். நாங்கள் நான்காம் மாடி. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் பையைப் பார்த்துச் சிரித்து, "மெயின் பேட்மிண்டன்?" என்பார். நான் தலையாட்டுவேன். முதல் தடவை தலையாட்டியது, மாடி சீக்கிரம் வந்துவிடும் என்ற சோம்பலில். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. போன வருடம் ஒரு நாள், "ஜெயிச்சியா?" என்று கேட்டார். "ஜெயிச்சேன்" என்றேன். அன்றைக்கு நான் 541 சுட்டுப் படுகேவலமாகத் தோற்றிருந்தேன். பேட்மிண்டனிலாவது ஜெயிக்கலாமே என்று தோன்றியதோ என்னவோ. மக்சிக்கின் பேத்தி புதன்கிழமைகளில் பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மக்சிக் டயாலிசிஸ் போகும் நாள் அது. அம்மாதான் அவளுக்குச் சோறு போட்டு, வீட்டுப்பாடம் எழுத வைப்பார். அந்தப் பிள்ளை என்னிடம் பேட்மிண்டன் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டபோது, "மழை வருது, அப்புறம்" என்றேன். வெளியே வெயில் கொளுத்தியது.

பேட்மிண்டன் என்பது உண்மையில் அம்மாவின் ஏற்பாடு. "துப்பாக்கின்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத தம்பி. அவங்களுக்கு விளங்க வைக்க முடியாது." குற்றமில்லாத நன்மை கிடைக்கும் என்றால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று வள்ளுவர் கொடுத்த சலுகையை எங்கள் வீட்டில் அதிகம் பயன்படுத்துவது அம்மாதான். தீபாவளிக்கு தேக்காவில் வாங்கிய அதிரசத்தை "நானே சுட்டேன்" என்று கொடுக்கும்போதெல்லாம் அந்தக் குறள் துணைக்கு வரும். ஆனால் வள்ளுவர் நிபந்தனையைக் கறாராகத்தான் வைத்திருக்கிறார், நன்மை குற்றமில்லாததாக இருக்க வேண்டும். அந்த அங்காடி அங்கிளின் கை நடுங்கியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கோச் சொன்ன மாதிரி அது ஜிப்பின் தப்புதான் என்று கொஞ்ச நாள் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒட்டவில்லை. நான் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எந்த இயந்திரம் எப்போது எப்படிக் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் என் சம்பளம். ஒரு பாகம் உடைந்தால் பாகத்தைத் திட்டிவிட்டுப் போக முடியாது, அது உடைந்தபோது ஏன் அந்த இடத்தில் இருந்தது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் கேள்வி வேறு. அந்தப் பையை நான் ஏன் மேசையில் விட்டுவிட்டுப் போனேன்?

ஏனென்றால் அது பேட்மிண்டன் பை. பேட்மிண்டன் பையை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். ஏழு வருடம் எல்லாரும் அதைப் பேட்மிண்டன் பை என்று நம்பினார்கள், கடைசியில் நானும் நம்பிவிட்டேன். உள்ளே மரக்கட்டைதான் இருந்தது என்பது நான் செய்த நல்ல காரியம் இல்லை. கிளப்பில் பூட்டு இருக்கிறது, அதனால் மரக்கட்டை. அன்றைக்கு உள்ளே வேறு என்ன இருந்திருந்தாலும் நான் அப்படியே வைத்துவிட்டுப் போயிருப்பேன் என்பது வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் உறைத்தது. வயிற்றைப் பிசைந்தது.

தேசிய சேவையில், தெக்கோங்கில், காட்டில் தங்கும் பயிற்சியின்போது எங்கள் சார்ஜண்டுகள் ராத்திரியில் துப்பாக்கி திருடுவார்கள். கை எட்டும் தூரத்தில் இல்லாத துப்பாக்கி அவர்களுடையது. அதற்குப் பயந்து அதன் வாரைக் காலில் சுற்றிக்கொண்டு தூங்குவோம். தூக்கத்தில் புரண்டால் இழுக்கும், எரிச்சலாக இருக்கும். நாலு கிலோவுக்கும் குறைவான பொருள்தான், ஆனால் அது அங்கே இருப்பதை ஒரு நொடி மறக்க விடாது. அந்த எரிச்சல்தான் பாதுகாப்பு என்று பத்தொன்பது வயதில் யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. காலில் சிவப்புத் தடம் மட்டும் இருந்தது.

பையிலிருந்து விழுந்த பொருள்களில் ஆரஞ்சுக் கயிறு ஒன்று இருந்ததே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் பாதுகாப்புக் கொடி. சுடாத நேரத்தில் அதைத் துப்பாக்கிக் குழலுக்குள் முழுதாக நுழைத்து வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் வெளியே தெரிய வேண்டும். கயிறு உள்ளே இருந்தால் குண்டு உள்ளே இருக்க முடியாது. உலகப் போட்டிகளிலும் இது கட்டாயம். நிறம் ஏன் கண்ணைக் குத்துகிறது என்றால், பத்தடி தள்ளி நிற்கும் முன்பின் தெரியாத ஒருவர், என்னிடம் எதுவும் கேட்காமலே, என்னை நம்பாமலே, இது காலி என்று தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ரேஞ்சுக்குள் "காலிதான், நான் சொல்றேன்ல" என்ற பேச்சுக்கு மதிப்பே கிடையாது. ஒலிம்பிக் வீரராக இருந்தாலும் கயிறு போட்டுத்தான் ஆக வேண்டும்.

உள்ளே எல்லாவற்றையும் காட்டு என்கிற அதே விளையாட்டு, கதவைத் தாண்டியதும் எதையும் காட்டாதே என்கிறது. ரொம்ப நாள் எனக்கு இது இரட்டை வேடமாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் யோசிக்கப்படுவது பக்கத்தில் நிற்பவரைப் பற்றித்தான். ரேஞ்சில் நிற்பவருக்குத் தகவல் வேண்டும், தெருவில் போகிறவருக்கு அமைதி வேண்டும். நான் தடுக்கி விழுந்தது இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடத்தில். தெருவில்தான், ஆனால் பை திறந்துகொண்டுவிட்டது. அல்லது ஒருவர் நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். அப்போது அமைதிக்காக வைத்திருந்த மறைப்பு பொய்யாக மாறிவிடுகிறது. அதன் செலவை எதிரில் இருப்பவர் கொடுக்கிறார்.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஈப்போக்காரத் தோழியிடம் இதையெல்லாம் மதியச் சாப்பாட்டில் கொட்டினேன். "ஒரு பை வாங்க இவ்வளவு தத்துவமா? தாங்காது சாமி" என்றாள். அப்புறம் அவளே ஒன்றைச் சொன்னாள். டொயோட்டா தொழிற்சாலைகளில் வேலை பார்த்த ஷிகேயோ ஷிங்கோ, ஆள் தப்பு செய்ய முடியாதபடி கருவியையே அமைக்கும் முறைக்கு முதலில் பாக்கா-யோக்கே என்று பெயர் வைத்திருந்தார். முட்டாள் தடுப்பு என்று அர்த்தம். தன்னை முட்டாள் என்கிறார்களா என்று ஒரு தொழிலாளி அழுததால் போக்கா-யோக்கே, தவறு தடுப்பு, என்று மாற்றினார். எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். "உன் பை விஷயத்துல முட்டாள் யாரு, அந்த அங்கிளா? நீதானே. அப்ப உன்னைத் தடுக்கிற பையா வாங்கு" என்றாள்.

அப்படித்தான் வாங்கினேன். வெளியே சாம்பல் நிறம், ஒரு சின்னம்கூட இல்லாத முதுகுப்பை. கோச்சுக்குத் திருப்தி. மட்டை, வயலின், மடிக்கணினி எதன் வேடமும் போடாத பை. நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டும் பட்டை உண்டு. அதைக் கழற்ற இரண்டு கையும் வேண்டும், எரிச்சலாக இருக்கும், இந்தப் பையை வைத்து இடம் சோப் பண்ண மனசே வராது. உள்ளே எண் பூட்டுப் போட்ட சின்னக் கடினப் பெட்டி, கைப்பிடியும் கண்ணாடிச் சட்டமும் அதற்குள்.

இன்னொன்றும் செய்தேன். பையின் உள்பக்கம் முழுக்க ஆரஞ்சுத் துணி வைத்துத் தைக்கச் சொல்லி, தேக்கா சந்தை மேல்மாடியில் ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். திறந்தால் கயிறு நிறத்தில் இருக்க வேண்டும். அந்தத் துணியில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை: இவை துப்பாக்கிச்சுடுதல் விளையாட்டின் சாமான்கள், துப்பாக்கி இல்லை, என் பெயர், போன் எண். நான்கு மொழியிலும். "துப்பாக்கி இல்லைன்னு எழுதியிருக்கிற பையைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கும்" என்றாள் தோழி. இருக்கலாம். அந்த வரியை இரண்டு தடவை அடித்து, மறுபடி எழுதினேன். அங்கிளுக்கு அந்த அட்டையைப் படிக்க நேரம் இருந்திருக்குமா என்றும் தெரியவில்லை. ஆனால் போனை எடுத்த இளைஞன் படித்திருப்பான்.

தையல்காரர், "உள்ள போயி ஏன் தம்பி இந்தக் கலரு?" என்றார். அம்மா நினைவுக்கு வந்தார். ஆனாலும் சொன்னேன். துணியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப ஜிப்பு இது தாங்காது. ரெட்டை ஜிப்பு போட்டுத் தரேன், எட்டு வெள்ளி சேத்துக் குடு" என்றார்.

மார்ச்சில் புதுப் பையோடு முதல் தடவை லிஃப்டில் ஏறியபோது மக்சிக் உள்ளே இருந்தார். பையைப் பார்த்தார். "பேட்மிண்டன் விட்டாச்சா?" நெஞ்சுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். பேட்மிண்டன் இல்லை மக்சிக். எப்பவுமே இல்லை. துப்பாக்கிச்சுடுதல், விளையாட்டுதான், துப்பாக்கி கிளப்பில் இருக்கும், வீட்டுக்கு வராது. அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான்காம் மாடி வந்துவிட்டது. கதவு மூடும்போது "ஹாத்தி-ஹாத்தி" என்றார். கவனமாக இரு என்று அர்த்தம். எல்லாரிடமும் சொல்கிற மாதிரி சொன்னாரா, வேறு மாதிரி சொன்னாரா என்று அந்தக் குரலை மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னபோது அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "உன் மனசு சுத்தமாயிடுச்சு, சரி. அந்தப் பிள்ளைய இனிமே நம்ம வீட்டுக்கு அனுப்புவாங்களா?"

அந்தப் புதன்கிழமை பேத்தி வரவில்லை. இரண்டு மணி வரை அம்மா சோற்றை மூடியே வைத்திருந்தார். என்னிடம் பேசவில்லை. அது மார்ச் பள்ளி விடுமுறை வாரம் என்று சாயங்காலம்தான் எனக்கு நினைவு வந்தது. பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது.